மின்நிலையத்தில் ஒரு சாயங்காலம்

பெர்லினில் ஸ்பிரே நதிக்குச் சமீபமாக, கோப்பெனிக்கர் தெருவில், கிழக்கு ஜெர்மனி என்று ஒரு தேசம் இருந்த காலத்தில், 1960-களின் தொடக்கத்தில், நகரத்து வீடுகளுக்கு வெப்பமும் மின்சாரமும் அனுப்புவதற்காக எழுப்பப்பட்ட பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடம் ஒன்று, கொதிகலன்களையும் சுழலிகளையும் இழந்து, வெறும் தூண்களும் இருட்டுமாக நிற்கிறது. கிராஃப்ட்வெர்க் என்று அதற்குப் பெயர். மின்நிலையம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை. 1982-ல் டிமிட்ரி ஹேகெமான் என்பவர் மேற்குப் பெர்லினில் தொடங்கி, 1990-ல் நின்றுபோன ‘அடோனல்’ என்னும் இசைவிழா, 2013-ல் மறுபிறவி எடுத்தது இங்கேதான். நான் போனது விழாவுக்கல்ல, ஒரு தனிக் கச்சேரிக்கு. அதிலும் கச்சேரியைக் காட்டிலும் அதைத் தயார் செய்கிறவர்களைப் பார்ப்பதே என் நோக்கமாக இருந்தபடியால், சிநேகிதர் ஒருவரின் சிபாரிசைப் பிடித்துக்கொண்டு, இரவு எட்டு மணிக் கச்சேரிக்குப் பகல் மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

தம்புராவுக்குப் பழகிய காதோடு இந்த இருண்ட மின்னணுச் சங்கீதத்தைக் கேட்கப் போகிறவனுக்கு, இது சங்கீதமா சப்தமா என்ற சந்தேகம் எழாமல் இராது. அந்தச் சர்ச்சை ஐரோப்பாவிலேயே நூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1913-ல் லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர், ஆலை இரைச்சலும் இனி சங்கீதமே என்று பிரகடனம் செய்து, உறுமுவதற்கென்றே பெட்டிகள் செய்தார். 1948-ல் பாரிஸில் பியேர் ஷேஃபர் ரயில் ஓசையைப் பதிவு செய்து, அதைக் கொண்டே ஓர் உருப்படியை அமைத்தார். சர்ச்சை கிடக்கட்டும்.

மேடை என்று ஒன்றும் இல்லை. கூடத்தின் நடுவே ஒரு மரமேஜை. அதன்மேல் திறந்து வைத்த தோல்பெட்டியைப் போன்ற ஒரு யந்திரம். டீட்டர் டோப்ஃபர் என்ற ஜெர்மானியர் 1990-களின் நடுவில் வகுத்த அளவுப்படி, பதின்மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த உயரமுள்ள தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டு, ஒன்று ஸ்வரத்தைப் பிறப்பிக்க, ஒன்று அதை வடிகட்ட, இன்னொன்று அது எழுந்து அடங்கும் கதியை நிர்ணயிக்க, இவற்றுக்கிடையே பல வர்ணக் கம்பிகள் கொடிபோல் தொங்கின. மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். அதுதான் இதன் இலக்கணம். நரைத்த தாடியுடன் அதன்முன் உட்கார்ந்திருந்த வித்வான் விசையைப் போட்டுவிட்டு, ஒன்றும் வாசிக்காமல் சும்மா இருந்தார்.

“ஏன் இவ்வளவு சீக்கிரமாகப் போட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டேன்.

“குளிரில் இது சுருதி நிற்காது, சூடேற வேண்டும். ராத்திரி ஜனங்கள் வந்தால் இன்னும் சூடேறும். அதற்கும் சேர்த்து இப்போதே இடம்விட்டு வைக்க வேண்டும்” என்றார்.

இன்னும் வராத கூட்டத்துக்காகச் சுருதி கூட்டுகிற இந்த வேலையில் அவரைவிடப் பெரிய பங்கு ஒலிப் பொறுப்பை ஏற்றிருந்த அம்மாளுடையது. அவர் ஒருமுறை கைதட்டினார். அந்த ஓசை தூண் தூணாகத் தாவி மேல்தட்டில் ஏறி, நான் ஐந்து எண்ணும் வரையில் அடங்கவில்லை. ஆட்கள் நிறைந்தால் அவர்களுடைய உடம்பும் கம்பளிக் கோட்டும் இதில் பாதியைக் குடித்துவிடும் என்றார். பிறகு விநாடிக்கு 40 அதிர்வுள்ள மந்தரமான நாதம் ஒன்றை ஓடவிட்டு, கூடமெங்கும் நடந்தார். அந்த நாதத்தின் அலை ஒன்றுக்கு நீளம் எட்டரை மீட்டர். ஆகையால் ஓரிடத்தில் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது, ஏழடி தள்ளி நின்றால் காணாமலே போயிற்று. காணாமல் போன இடங்களிலெல்லாம் அவர் சாக்கட்டியால் குறி போட, இரண்டு தொழிலாளிகள் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டியை ஒரு சாண் இப்படியும் ஒரு சாண் அப்படியுமாக நாலுமுறை நகர்த்தினார்கள். பழுதுபார்க்க வந்த கொத்தனார்கள் என்றே அவர்களைப் பார்த்தால் எண்ணத் தோன்றும்.

மேஜையின் ஓரத்தில் துருவேறிய ஒரு கதவுச் சுருள்வில் கிடந்தது. அதன் நுனியில் நாலணாக் காசளவு பித்தளை வில்லை ஒன்றை நாடாவால் ஒட்டி, அதிலிருந்து மெல்லிய கம்பி இழுத்திருந்தார்கள். வித்வான் பிடில் வில்லை எடுத்து அந்தச் சுருளின்மேல் இழுத்தார். பக்கத்தில் நின்ற எனக்குக் கிறீச்சென்ற ஒரு சின்ன ஓசை. ஒலிபெருக்கியிலோ, மலைக்குள்ளிருந்து ஏதோ ஒரு பிராணி புரண்டு படுத்தாற்போல!

எட்டு மணிக்கு விளக்கணைந்தது. முதல் முக்கால்மணி நேரம், காதால் கேட்டேனா விலா எலும்பால் கேட்டேனா என்று பிரித்துச் சொல்ல இயலாத ஓர் அனுபவம். அம்மாள் குறி போட்ட இடங்களில் நின்றவர்களும் கண்ணை மூடியே நின்றார்கள். கடைசிக் கால்மணி வீண். சரக்குக் குறைந்தபோது சத்தத்தைக் கூட்டுகிற வழக்கம் நம் ஊர்க் கச்சேரிகளிலும் உண்டாகையால், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அம்மாள் முன்னமே கொடுத்திருந்த நுரையடைப்பானைக் காதில் திணித்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் வித்வான் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நீளவாரியாகக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எது எதில் செருகியிருந்தது என்று எங்கும் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை. இதையே மறுபடி வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

“நாளைக்கு ஹாம்பர்க். அங்கே கூடம் சின்னது, கூரையும் தாழ்வு” என்றார்.