ஹோர்ஸ்: குதிரை இல்லைங்க, குரல்!

1/ ஹோர்ஸ்னு சொன்னா குதிரைதான் ஞாபகம் வரும். அதே உச்சரிப்புல இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. ஸ்பெல்லிங் நடுவுல ஒரு ‘ஏ’ கூடுதல், அவ்வளவுதான். அர்த்தம்: கரகரத்த, கம்மிப்போன குரல். கேஸ் ஷீட்ல நாங்க ‘ஹோர்ஸ்னெஸ் ஆஃப் வாய்ஸ்’னு எழுதுவோம்.

2/ ஹஸ்கி வேற. ‘ஹஸ்க்’னா உமி. உமி மாதிரி வறண்ட குரல். பாடகர்களைப் பாராட்டக்கூட சொல்லுவாங்க; பிறவியிலேயே அப்படி இருக்கலாம். டாக்டர் ‘ஹோர்ஸ்’னு எழுதினா, நல்லா இருந்த குரல் இப்ப மாறிடுச்சுன்னு அர்த்தம்.

3/ ஆனா ஓபியில யாரும் “குரல் மாறிடுச்சு”ன்னு சொல்றதில்ல. “தொண்டை கட்டிக்கிச்சு சார்”ம்பாங்க. நான் சறுக்கினது இங்கதான்.

4/ வேலைக்குச் சேர்ந்த புதுசு. வரிசை வராண்டாவைத் தாண்டி நிக்குது. காய்கறி மண்டியில ஏலம் விடுறவர், வயசு ஐம்பதுக்கு மேல, சட்டைப் பையில பீடிக்கட்டு. “தொண்டை கட்டிக்கிச்சு சார், ஏலம் கூவ முடியல.” நான் ‘த்ரோட் பெயின்’னு எழுதி அஞ்சு நாள் மாத்திரை கொடுத்து அனுப்பிட்டேன். அவர் வலின்னு ஒரு வார்த்தை சொல்லல.

5/ ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வந்தார். குரல் இன்னும் கம்மியிருந்தது. அப்பதான் எத்தனை நாளான்னு கேட்டேன். “பொங்கலுக்கு முன்னாடியிருந்தே சார். அன்னிக்கே சொன்னேனே.” ஈஎன்டிக்கு அனுப்பினேன். ஸ்கோப், பயாப்ஸி. குரல்நாண்ல கேன்சர்.

6/ பேசும்போது ரெண்டு குரல்நாணும் ஒட்டி அதிரும்; ஆண்களுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேல, பெண்களுக்குச் சுமார் 200. அதுல கடுகளவு வளர்ந்தாலும் குரல் மாறிடும். அதனால இந்த கேன்சர் சீக்கிரமே தன்னைக் காட்டிக் கொடுக்கும். முதல் ஸ்டேஜ்ல பிடிச்சா பெரும்பாலானவங்களுக்குக் குணமாகும். நான் தொலைச்சது அந்த ரெண்டு மாசம்.

7/ பயப்படாதீங்க, பெரும்பாலும் இது கேன்சர் இல்ல. சளி, கத்திப் பேசுறது, வயித்து அமிலம் மேல ஏறுறது, தைராய்டு குறைவுன்னு காரணம் நிறைய. சளியால வந்தது ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா சரியாகும். ஆன்டிபயாட்டிக் பொதுவா தேவையில்ல. தண்ணி குடிங்க, குரலுக்கு ஓய்வு கொடுங்க. கிசுகிசுன்னு பேசுறது ஓய்வு இல்ல, அதுவும் சிரமம்தான்.

8/ இன்னொண்ணு. இடது குரல்நாணுக்குப் போற நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கி, பெருந்தமனியைச் சுத்தி மேல ஏறுது. அதனால நுரையீரல் கட்டிகூட சில சமயம் முதல்ல குரல்லதான் தெரியும்.

9/ கணக்கு இதுதான்: 3 வாரம் தாண்டியும் குரல் தெளியலைன்னா ஈஎன்டி டாக்டர் ஸ்கோப் வச்சுப் பார்க்கணும். பீடி, சிகரெட் பழக்கம், கழுத்துல கட்டி, விழுங்க சிரமம், சளியில ரத்தம் இருந்தா அதுவரை காத்திருக்காதீங்க. மூச்சு விடக் கஷ்டமா இருந்தா உடனே எமர்ஜென்சி.

10/ அவருக்கு ரேடியேஷன் முடிஞ்சுது. பீடியை விட்டுட்டார். இப்ப மண்டியில கணக்கு எழுதுறார். ஏலம் விடுறது அவர் பையன். என்மேல அவருக்குக் கோபம் இல்ல. எனக்குத்தான் இருக்கு.

11/ இப்பல்லாம் “தொண்டை கட்டிக்கிச்சு”ன்னு யார் சொன்னாலும் நான் ரெண்டு கேள்வி கேக்குறேன்: வலியா, குரலா? எத்தனை வாரமா? உங்க டாக்டர் கேக்க மறந்தா நீங்களே சொல்லிடுங்க: “குரல் மாறி இத்தனை வாரம் ஆச்சு.” இங்கிலீஷ் வார்த்தையை நாங்க எழுதிக்கிறோம்.