இழுப்பறையில் கரைந்த செல்வம்

எமிலி ஜோலாவின் 'லா ஜுவா த் விவ்ர்' நாவலை முதன்முறை வாசித்தபோது அதன் நாயகி பொலின் மீது எனக்கு எரிச்சலே மிஞ்சியது. ஒருத்தி இத்தனை நல்லவளாக இருந்தால் அது அசட்டுத்தனம் அல்லவா என்று நினைத்து நூலை மூடிவைத்தேன். பல வருடங்கள் கழித்து மீண்டும் வாசித்தபோது அந்த எரிச்சலே என்னைக் குடைந்தது.

1884இல் நூலாக வெளிவந்த இந்நாவல், இருபது நாவல்கள் கொண்ட 'ரூகோன்-மக்கார்' வரிசையில் பன்னிரண்டாவது. தலைப்புக்கு 'வாழ்தலின் மகிழ்ச்சி' என்று பொருள். பெற்றோரை இழந்த பத்து வயதுப் பொலின், பாரிஸிலிருந்து நார்மண்டிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு, உறவினரான ஷான்தோ தம்பதியின் வீட்டில் வளர வருகிறாள். அவளுடைய சொத்துப் பத்திரங்களும் உடன் வருகின்றன. திருமதி ஷான்தோ அவற்றை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறாள். ஒரு காசையும் தொடுவதில்லை என்பது அவளது உண்மையான உறுதி.

அந்த உறுதி கரையும் விதத்தை ஜோலா ஒரு நோயின் வளர்ச்சியைப் போலக் குறித்துச் செல்கிறார். மகன் லஸாரின் கடற்பாசித் தொழிற்சாலைக்காகப் பணம் எடுக்கப்படுகிறது. பிறகு வீட்டுச் செலவுக்கு. ஒவ்வொரு முறையும் அது கடன்தான், திருப்பித் தந்துவிடலாம். கொடியவர் என்று சுட்ட அங்கே எவருமில்லை. ஆனால் எடுக்க எடுக்க அவளுக்குப் பொலின் மீது வெறுப்பு மூள்கிறது. தன் குற்றத்தின் சாட்சியாக அச்சிறுமி கண்முன் நடமாடுவதை அவளால் பொறுக்க முடிவதில்லை. மரணப்படுக்கையிலோ, தன்னை இரவும் பகலும் பேணும் பொலின் தனக்கு விஷம் வைப்பதாக அஞ்சுகிறாள்.

இயல்புவாதம் என்றதும் மனிதனை அவனது குருதியும் சூழலுமே தீர்மானிக்கின்றன என்ற கோட்பாட்டைச் சொல்லி முடித்துவிடுகிறோம். பொலினுக்கும் குருதிவழி வந்த சுமை உண்டு. 1873இல் வெளிவந்த 'பாரிஸின் வயிறு' நாவலில் வரும் கணக்குப் பார்க்கும் கடைக்காரி லிஸாவின் மகள் அவள். பொறாமையும் பணப்பற்றும் அவளுக்குள் பொங்குகின்றன. அவற்றோடு அவள் ஒவ்வொரு முறையும் போராடியே வெல்கிறாள். முதல் வாசிப்பில் நான் தவறவிட்டது இந்தப் போராட்டத்தை. நன்மை அவளுக்கு எளிதாக வாய்த்தது என்று எண்ணிவிட்டேன்.

1880இல் ஜோலா தாயை இழந்தார். அதே ஆண்டில் நண்பர் ஃப்ளோபேரும் மறைந்தார். மரண அச்சத்தில் உறைந்து, ஷோபன்ஹவரைப் படித்து, எதையும் முடிக்காமல் கைவிடும் லஸாரிடம் ஜோலாவின் சொந்த இரவுகள் இருக்கின்றன. அந்த லஸாரையும் பொலின் லூயிஸுக்கு விட்டுக்கொடுக்கிறாள். அவர்களுடைய குழந்தை உயிரற்றதுபோலப் பிறக்கையில், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுபவளும் அவளே.

நாவலின் முடிவில் பணிப்பெண் வெரோனிக் தூக்கிட்டுக்கொள்கிறாள். கீல்வாதத்தால் முடங்கி ஓயாது வலியில் அலறும் ஷான்தோ, உயிரை மாய்த்துக்கொள்வது எத்தகைய மடமை என்று கோபத்துடன் கத்துகிறார். முன்பு இதை வெறும் கேலியாகவே வாசித்தேன். இப்போது அப்படி வாசிக்க இயலவில்லை.

பொலின் அசடா என்ற என் பழைய கேள்விக்கு வருகிறேன். அவள் எவ்வளவு கொடுத்தாள், எவ்வளவு திரும்பப் பெற்றாள் என்று கூட்டிக் கழித்துத்தான் அவளை அசடு என்றேன். அது திருமதி ஷான்தோவின் கணக்கு. இழுப்பறையின் முன் அமர்ந்து நானும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.