வயிற்று வலியும் வரவு செலவும்

பரீட்சைக்கும் வயிற்று வலிக்கும் உள்ள சிநேகம் மிகப் பழையது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை அன்று காலையில் வருகிற வயிற்று வலி, பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்ததும் பறந்து போய்விடும். நம் வீட்டுப் பாட்டிமார்கள் அதற்கு ஓமத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே பிள்ளையின் முகத்தைக் கூர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்கள். பாதி வலி அந்தப் பார்வையிலேயே போய்விடும்!

ஆனால் சகோதரிகளே, இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு, பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வயிற்று வலி வந்தால்? தலைவலியும் தூக்கமின்மையும் துணைக்கு வந்தால்? அது வேஷமா, வியாதியா? 2025-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த பதில் மற்ற வீடுகளுக்கும் உபயோகப்படக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் நாத்தனார் சி.ஏ. படிக்கிறாள். 'ஆடிட்டர் பரீட்சை' என்று ஊரார் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். 1949-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் பரீட்சை இது. மூன்று படிகள் ஏற வேண்டும். கடைசிப் படியில் ஆறு பேப்பர்கள். மூன்று மூன்றாக இரண்டு தொகுதிகள். ஒவ்வொரு பேப்பரிலும் நூற்றுக்கு 40 வாங்கியாக வேண்டும். அது மட்டும் போதாது; ஒரு தொகுதியின் மூன்று பேப்பர்களும் சேர்ந்து 300-க்கு 150 வர வேண்டும். 49, 50, 50 வாங்கிய பெண்ணுக்குக் கூட்டுத் தொகை 149, தேறவில்லை. 70, 70, 39 வாங்கிய பெண்ணுக்குக் கூட்டுத் தொகை 179, அவளும் தேறவில்லை! ஒற்றை மார்க்குக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்த பரீட்சை வேறு அதிகம் இருக்காது.

2023-ஆம் வருஷத்துப் புதிய திட்டத்தில் ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சியை இரண்டு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். என் நாத்தனார் அதற்கு முன்பே சேர்ந்தவள். மூன்று வருஷம் பகலில் ஆபீஸ், இரவில் புஸ்தகம் என்று காலம் தள்ளினாள். பிறகு பரீட்சைக்காக லீவு எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள், வெளியே வருவதையே மறந்துவிட்டாள்.

விடியற்காலை நாலு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரியும். இரவு பன்னிரண்டுக்குத்தான் அணையும். கைபேசியில் பாடம் நடத்தும் வாத்தியாரை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுவாள். வாசற்படியில் நின்று கேட்டால் கோழி அரிசி பொறுக்குவது போல இருக்கும். காலைப் பலகாரம் பத்து மணிக்கு. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. சில நாள் அதுவும் இல்லை. காபி மட்டும் தவறாது. ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் என்று என் மாமியார் கணக்குச் சொன்னார்.

முதலில் மேல் வயிற்றில் எரிச்சல். பிறகு நெற்றியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாற் போல வலி. அதற்குக் கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கினாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாத விலக்கு தள்ளிப் போயிற்று. படுத்தால் தூக்கம் வராது; கண்ணை மூடினால் வருமான வரிச் சட்டத்தின் பிரிவுகள் வரிசையாக வந்து நின்றன.

வீட்டில் ஆளுக்கோர் அபிப்பிராயம். "திருஷ்டி" என்றார் மாமியார். "நாங்கள் எல்லாம் படிக்கவில்லையா? எங்களுக்கு வயிறு இல்லையா?" என்றார் மாமனார். "வாயு" என்றார் என் கணவர். எதிர் வீட்டு மாமி மட்டும் ஒரு படி மேலே போய், "பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு? உடம்பைக் கெடுத்துக்கொண்டு!" என்றார்.

மற்றவற்றுக்குப் பேசாமல் இருந்த எனக்கு, கடைசிக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. இந்தியாவிலேயே முதன் முதலில் கணக்காளராகத் தேறிய பெண்மணி நம் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதந்தரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல் தேறி, பிறகு சொந்தமாகத் தொழில் நடத்தி, 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர்களின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைமையும் வகித்தார். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பெண் ஏறிக் காட்டிய மாடியில் இன்னொரு பெண் ஏறக்கூடாதா? மாமி ஒப்புக்கொண்டார். ஆனால் நாத்தனாரின் வயிற்று வலி ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறையில் நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"அண்ணி, விட்டுவிடட்டுமா?"

"எதை?"

"பரீட்சையை. படித்த பக்கத்தையே மூன்று தடவை படிக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை. நான் வேஷம் போடுவதாக அப்பா நினைக்கிறார். எனக்கே அப்படித்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது."

வலியைவிட அந்தச் சந்தேகந்தான் அவளை அதிகமாகத் தின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலையில் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மாள் நிதானமானவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்; ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எடை குறைந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா, வாந்தியில் ரத்தம் உண்டா என்று விசாரித்தார். இவற்றில் ஒன்று இருந்தாலும் பரீட்சையின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்காரக் கூடாதாம். வயிற்றுப் புண் கவலையினால் வருகிறது என்றே உலகம் வெகு காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் அதற்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே முதலில் பரிசோதனை, பிறகுதான் தீர்ப்பு.

நாத்தனாருக்குக் கிருமி இல்லை. ரத்தத்திலும் குறை இல்லை. "அப்படியானால் ஒன்றுமில்லை, அல்லவா டாக்டர்?" என்றேன்.

"ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். வலி நிஜம். காரணம் மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது" என்றார் அவர்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மூளைக்கும் குடலுக்கும் நடுவே நரம்புகள் வழியாக ஓயாத போக்குவரத்து இருக்கிறது. பயம் வந்தால், எதிரே நிற்பது புலியா, புஸ்தகமா என்று உடம்பு பேதம் பார்ப்பதில்லை. சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் ரசங்களைக் கொட்டுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ஜீரணம் தாறுமாறாகிறது, கழுத்திலும் தலையிலும் உள்ள தசைகள் இறுகுகின்றன. புலி என்றால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். சி.ஏ. பரீட்சை ஐந்து மாதம் வாசலிலேயே நிற்கிறதே! போதாக்குறைக்கு, வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரைகளில் சில, இரைப்பையின் உட்சுவரையே அரிக்கக் கூடியவை.

கானடாவில் மாண்ட்ரீல் நகரத்து ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் செல்யே 1936-இலேயே இதைப் பற்றி எழுதினார். எலிகளைக் குளிர், காயம், விஷம் என்று பலவிதமான தொல்லைகளுக்கு ஆளாக்கினார். தொல்லை எதுவானாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி பெருத்தது, இரைப்பையில் புண் வந்தது.

கணக்கர்களை வைத்தே செய்த ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குக் கொடுக்க ஏப்ரல் 15 கடைசி நாள். ஸான்பிரான்ஸிஸ்கோ டாக்டர்கள் பிரீட்மனும் ரோஸன்மனும் கணக்கர்கள் சிலருடைய ரத்தத்தை மாதக் கணக்கில் சோதித்து 1958-இல் முடிவை வெளியிட்டார்கள். கெடு நெருங்கிய நாட்களில் ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறியது; ரத்தம் சீக்கிரம் உறைந்தது. கெடு தாண்டியதும் இறங்கியது. சாப்பாட்டில் அதற்குத் தகுந்த மாறுதல் எதுவும் இல்லை. இதைச் சொன்னபோது நாத்தனாரின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "அப்படியானால் இது எங்கள் ஜாதி வியாதி, அண்ணி!" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் வைத்தேன். "நீதான் கணக்குப் படிக்கிறாயே, உன்னுடைய இருபத்து நாலு மணிக்கு வரவு செலவு எழுது" என்றேன். எழுதினாள். படிப்பு 17 மணி. தூக்கம் 4 மணி. சாப்பாடு, குளியல் எல்லாம் சேர்ந்து 3 மணி. பிறகு, 17 மணியில் உண்மையாக மனசில் ஏறியது எத்தனை என்று தனியாக ஒரு பத்தி போட்டாள். ஏழு அல்லது எட்டு என்று வந்தது. மீதியெல்லாம் வாராக் கடன்!

அன்றைக்கு அவளாகவே இரண்டு முடிவு செய்தாள். முதலாவது, மே மாதத்தில் இரண்டு தொகுதியும் எழுதுவதற்குப் பதிலாக ஒரு தொகுதி மட்டும் எழுதுவது. 2025-இல் இறுதிப் பரீட்சை ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று தடவை நடந்தது. ஆகவே அடுத்த தொகுதிக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. "அவளோடு படித்த பெண்கள் இரண்டையும் எழுதுகிறார்களே" என்றார். அப்போது என் மாமியார் ஒரு வார்த்தை சொன்னார்: "இரண்டு கையிலும் இரண்டு குடம் தூக்கி வழியில் போட்டு உடைப்பதைவிட, ஒவ்வொன்றாகக் கொண்டு வரட்டுமே." மாமனார் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

இரண்டாவது முடிவு, தினசரியை மாற்றியது. இரவு பத்தரைக்குப் படுக்கை, காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பது. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காபி இரண்டு டம்ளர். மூன்று மணிக்கு மேல் கிடையாது. குடித்த காபியின் சத்தில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்குமாம். சாயங்காலம் நானும் அவளும் அயோத்யா மண்டபம் வரை நடந்து திரும்புவோம். வழியில் பரீட்சைப் பேச்சு எடுத்தவர் சுண்டல் வாங்கித் தர வேண்டும். நெஞ்சு படபடத்தால் மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல வெளியே விடுவது. பத்து தடவை விட்டால் படபடப்பு தணியும்.

இன்னொன்றும் உண்டு. இறுதிப் பரீட்சையின் முதல் தொகுதி மத்தியானம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை நடப்பது. சாப்பாடு செமிக்கிற நேரம்! ஆகையால் பதினொன்றரைக்கு மோர் சாதமும் காயும்; இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, பழைய கேள்வித்தாளுக்கு முழு மூன்று மணி நேரம் எழுதுவது. வாரத்துக்கு இரண்டு நாள் இப்படிச் செய்ததில், அந்த நேரமும் அந்த வேலையும் வயிற்றுக்குப் பழகிப் போயின.

மாமியாரும் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டார். "எப்போது முடிக்கிறாள்? எப்போது கல்யாணம்?" என்று கேட்டு வருகிறவர்களை வாசல் திண்ணையிலேயே நிறுத்திக் காபி கொடுத்து அனுப்பினார். எதிர் வீட்டு மாமிக்கு இரண்டு நாளில் இரண்டு காபி கிடைத்தது.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. மூன்றாவது வாரத்தில் குறைந்தது. பரீட்சைக்கு முதல் நாள் மறுபடி தலை காட்டியது. ஆனால் இந்தத் தடவை, "இது பயம் செய்கிற வேலை" என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜூலையில் வந்த முடிவில் முதல் தொகுதி தேறியிருந்தாள்.

செப்டம்பரில் இரண்டாவது தொகுதி எழுதினாள். நவம்பரில் முடிவு வந்தது. ஒரு பேப்பரில் 63, இன்னொன்றில் 37. தேறவில்லை. 60 அல்லது அதற்கு மேல் வாங்கிய பேப்பரை அடுத்த மூன்று பரீட்சைகளில் மறுபடி எழுத வேண்டாம் என்பது விதி, அதுதான் லாபம். அன்று சாயங்காலம் அழுதாள். அவள் அழுது ஓயும் வரை யாரும் சமாதானம் சொல்லவில்லை. எட்டு மணிக்கு ரசம் சாதம் சாப்பிட்டாள், பத்தரைக்குப் படுத்தாள். மார்ச் மாதத்தில் பரீட்சைக்கு முன்பே உடைந்து போயிருந்த பெண், தோல்வி வந்த ராத்திரி தூங்கினாள். என் கணக்கில் அதுவும் ஒரு தேர்ச்சிதான். மறுநாள் காலையில் புதிய அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ இருக்கலாம். வலி என்று சொன்னால் முதலில் நம்புங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கமும் சாப்பாடும் பல நாள் கெட்டாலோ, "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மத்திய அரசாங்கம் 2022-இல் ஆரம்பித்த டெலி மானஸ் தொலைபேசி எண் 14416; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மற்றபடி, "எத்தனை பாடம் முடித்தாய்?" என்று கேட்க ஊரிலே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேட்க வீட்டில் இருப்பவர்கள்தான் உண்டு. அந்தக் கேள்வியை நாம் கேட்போம்.