ஐந்நூற்றுப் பதினொன்று

குறுக்கீடு என்றாலே நமக்கு முகம் சுளிக்கும். மைக்ரோ கண்ட்ரோலர் எனப்படும் சிறு கணிப்பொறிச் சில்லுக்கோ அதுவே அன்றாடப் பிழைப்பு. செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, வந்த செய்தியைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே அது தொடரும். இதனை ‘இன்டரப்ட்’ என்பர்.

எங்கள் பங்கின் சிறிய மாணவர் விடுதியில் நீரேற்றும் மோட்டாரை இத்தகைய சில்லொன்று இயக்குகிறது. பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் அமைத்துத் தந்தது. குழாயிலுள்ள நீர்மானி லிட்டருக்கு ஒரு துடிப்பை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு குறுக்கீடு. எண்ணிக்கையில் ஒன்று கூடும். 500 ஆனதும் மோட்டார் நிற்கும். ஆயினும் சில நாள்களுக்கு ஒருமுறை தொட்டி பாதியே நிரம்பிற்று. விடியற்காலையில் பிள்ளைகள் வெறும் வாளியோடு நின்றனர். பழி இரவுக் காவலர்மேல் விழுந்தது. “இயந்திரம் தவறுமா ஃபாதர்? இவர்தான் தூக்கக் கலக்கத்தில் நிறுத்தியிருப்பார்” என்றனர் விடுதிக் குழுவினர். “நான் சுவிட்சைத் தொடவே இல்லைங்க சாமி” என்பதன்றி அம்முதியவருக்கு வேறு சாட்சி இல்லை. மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

இளைஞர் முதலில் நீர்மானியை ஐயுற்றார். அதன் தொடுமுனை அதிர்ந்தால் ஒரு லிட்டர் இரண்டாக எண்ணப்படும். அவ்வாறாயின் குறையும் அளவு நாளுக்கு நாள் மாறவேண்டுமே! இங்கோ நீர் ஒரே மட்டத்தில் நின்றது. ஆகவே, மோட்டாரை நிறுத்தும்போது சில்லு படித்த எண்ணைப் பதிந்துவைக்கச் செய்தார். நல்ல நாள்களில் 500. கெட்ட நாளில் 511.

அது எட்டு பிட் சில்லு. 255-ஐ மிஞ்சக்கூடிய எண்ணை இரு கூறாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகவே படிக்கும். எண்ணிக்கை 255 ஆகையில் கீழ்க்கூறு 255, மேற்கூறு சுழி. கீழ்க்கூறைப் படித்து முடித்த கணத்தில் அடுத்த லிட்டரின் துடிப்பு குறுக்கிட்டு, எண்ணிக்கையை 256 ஆக்கிவிடுகிறது. இப்போது கீழ்க்கூறு சுழி, மேற்கூறின் மதிப்பு 256. திரும்பிவந்த சில்லு இந்தப் புதிய மேற்கூறைப் படித்து, முன்பே எடுத்த 255-உடன் கூட்டுகிறது. இல்லாத நீருக்குக் கணக்கு எழுதியாயிற்று!

படிக்கும் அச்சிறு பொழுதில் மட்டும் குறுக்கீட்டைத் தடுத்து, இரு கூறுகளையும் படியெடுத்தபின் திறந்துவிடுவதே மருந்து. “இடையில் வரும் துடிப்பு தொலைந்துபோகாதா?” என்று கேட்டேன். வந்ததற்கு அடையாளமாக ஒரு கொடி உயர்ந்து நிற்குமாம், திறந்ததும் கவனிக்கப்படுமாம். ஆனால் கொடி ஒன்றே. நெடுநேரம் அடைத்துவைத்தால் இரண்டு துடிப்புகளும் ஒன்றாகிவிடும்.

நிரலில் சேர்ந்தவை மூன்றே வரிகள். அன்று மாலையே இளைஞர் பதிவுத் தாளுடன் குழுவினரைச் சந்தித்தார். காவலர் இன்றும் எங்களோடு இருக்கிறார். மோட்டார் அறைப்பக்கம் மட்டும் போவதில்லை.