எழுத்து மட்டும் போதும்

என் உம்மாவுக்கு வயது 83. தம் இளமைக் கால நினைவுகளை அவர்கள் சொல்ல, நான் கணினியில் எழுதி வைப்பதென்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒரு மாலை, தம் தந்தையார் கொழும்பிலிருந்து வந்திறங்கிய நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

"நீ அதைப் பார்த்து முடி, தம்பி. பிறகு சொல்கிறேன்."

திரையின் ஓரத்தில் யாரோ அனுப்பிய திருமணப் படமொன்று தோன்றியிருந்தது. என் கண் அதன்மேல் இருந்ததை உம்மா கண்டுவிட்டார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த வயதில் 'பிறகு' என்பது எத்தனை நாள்?

மறுநாளே, ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்தேன். சாளரங்களோ படங்களோ இணையத் தொடர்போ இல்லாமல், டெபியன் லினக்ஸை மட்டும் அதில் நிறுவினேன். கிடைத்தது ஒரு கறுப்புத் திரை. வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகள். அந்த 80 என்பது, 1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த துளையட்டையின் பத்திக் கணக்கு. அட்டை மறைந்தது; அளவு நிலைத்துவிட்டது.

இது என் பித்து மட்டுமன்று. அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இணையத்தோடு சேராத ஒரு டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டே எழுதுவதாக 2014-இல் தெரிவித்தார்.

என் மகன்தான் குறையைச் சுட்டினான்: "இதில் தமிழ் வராதே, வாப்பா!"

உண்மைதான். ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பதே அத்திரையின் நெறி. 'கொ' என்னும் நம் எழுத்திலோ மெய்யின் இருபுறமும் குறிகள் வந்து நிற்க வேண்டும். அவ்வித்தை அதற்குத் தெரியாது. ஆகவே உம்மாவின் பேச்சை ஆங்கில எழுத்துக்களில் தட்டிக்கொண்டு, மறுநாள் காலை வேறு கணினியில் தமிழாக்கித் திருத்துகிறேன். ல, ள, ழ மூன்றையும் பிரித்தெழுத வேண்டியிருப்பதால், உம்மாவின் உச்சரிப்பைக் காது கொடுத்துக் கேட்கவும் பழகிவிட்டேன்.

இது இரட்டை வேலைதான். எனினும், கடன் வாங்கிய எழுத்தில் தாய்மொழியை எழுதுவது நமக்குப் புதிதா? நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி, அரபுத்தமிழ் என ஒரு மரபையே வளர்த்தார்கள். எழுத்து இரவலாயினும் பேச்சு நம்முடையதாகவே இருந்தது.

முதல் நாள் அக்கறுப்புத் திரையை உம்மா ஐயத்தோடு எட்டிப் பார்த்தார்கள்.

"இதில் ஒன்றுமே வராதா?"

"நீங்கள் சொல்வது மட்டும்தான் வரும், உம்மா."

சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, கொழும்பிலிருந்து வந்த தம் தந்தையார் அன்று பெட்டியைத் திறந்த இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.