எங்கள் நிலையத்துப் படப்பெட்டி

அல்சூரில் நாங்கள் நடத்திவரும் புகைப்பட நிலையம் சிறியது. முன்புறம் படமெடுக்கும் அறை, பின்புறம் இரண்டு கணிப்பொறிகள், உதவிக்கு இரண்டு பிள்ளைகள்; அவ்வளவே. ஆயினும் வேலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பெங்களூர் வந்து குடியேறிய பல குடும்பங்களின் திருமணம், காதுகுத்து, மணிவிழா ஆகியவற்றின் படங்கள் எங்களிடம் இருக்கின்றன. அவற்றைக் காப்பதில் நாங்கள் செய்த பிழையையும் அதனால் கற்றதையும் கூறினால், கடையோ அலுவலகமோ நடத்தும் அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

எஸ்.பி. ரோட்டுக்குச் சென்று, இரண்டு வன்தட்டுகள் கொண்ட சேமிப்புப் பெட்டி ஒன்றை முதலில் வாங்கினோம். அதை 'நாஸ்' என்பர். நிலையத்துக் கணிப்பொறிகள் யாவும் கம்பி வழியாக அதனோடு இணைந்திருக்கும். ஒரு தட்டில் எழுதுவது அப்போதே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று கைகொடுக்கும். இவ்வகை ஏற்பாடுகளுக்கு 'ரெய்டு' என்று பெயர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் மூவர் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் இப்பெயர் பரவிற்று. இரண்டு தட்டு இருக்கையில் அச்சம் ஏது என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஒருநாள் பெட்டியில் இடம் போதவில்லையென்று பழையனவற்றை நீக்கிய உதவியாளப் பிள்ளை, நீக்கத் தகாத ஒரு கோப்புறையையும் நீக்கிவிட்டான். ஒரு தட்டில் அழிந்தது மற்றதிலும் அக்கணமே அழிந்தது. எவரும் அதைக் கவனிக்கவில்லை. சில வாரங்கள் சென்றபின் ஓர் அம்மாள் வந்தார். அவர் கணவர் காலமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. மணிவிழாவில் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தரவேண்டும் என்றார். தேடினோம், இல்லை. கோப்பு மீட்பவரிடம் பெட்டியைக் கொண்டு சென்றோம். அழிந்த இடத்தின் மேலே புதிய படங்கள் எழுதப்பட்டுவிட்டன, இனி மீட்க வழியில்லை என்று அவர் கையை விரித்தார். அம்மாளின் வீட்டு ஆல்பத்திலிருந்த சிறிய படத்தையே பெரிதாக்கிக் கொடுத்தோம். "பரவாயில்லையப்பா, முகம் தெரிகிறதே" என்றார் அவர். அவர் எங்களைக் கடிந்திருந்தால் இத்துணை வருந்தியிருக்க மாட்டோம். பையனைக் குறைகூற எங்களுக்கு வாய் எழவில்லை. ஒருவன் கை தவறினால் அனைத்தும் அழியும்படி வைத்திருந்தவர்கள் நாங்களே அல்லவா?

இரட்டைத் தட்டு வேறு, காப்புப்படி வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று. தட்டு பழுதானால் முன்னது காக்கும். நம் கைப்பிழையையும் தீயையும் திருட்டையும் அது தடுக்காது. நம் முன்னோர் ஏடு செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். ஒரே நூலின் படிகள் பல ஊர்களில், பல வீடுகளில் இருந்தன. உ. வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று சுவடிகளைத் திரட்டி, ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது அதனாலேயே. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அளவுக்கு அழிந்தன. வேறிடத்தில் அவற்றுக்குப் படி இல்லை.

ஆதலின் எங்கள் ஏற்பாட்டை மாற்றினோம். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வெளியூரில். இதை 3-2-1 என்பர். முதற்படி பெட்டியில் உள்ளது. முன்னைய நிலைக்குத் திரும்ப உதவும் 'ஸ்னாப்ஷாட்' வசதி எல்லாப் பெட்டிகளிலும் இராது. வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். எங்கள் பழைய பெட்டியில் அது இல்லாமையால் வேறு வாங்கினோம். மின்சாரம் நின்றால் பெட்டி தானே முறையாக அணையும்படி யூபிஎஸ் ஒன்றையும் இணைத்தோம்.

இரண்டாம் படிக்குத் தனி வன்தட்டுகள் இரண்டு. ஒன்று இங்கே பூட்டிய அலமாரியிலும், மற்றொன்று கோலார் தங்கவயலில் அக்கா வீட்டிலும் இருக்கும், மாதந்தோறும் மாற்றிக்கொள்கிறோம். பிறர் வீட்டுப் படங்களாதலின் இரண்டுக்கும் கடவுச்சொல் உண்டு. 2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கம்பியில் இணையாமல் அலமாரியில் கிடக்கும் தட்டை அத்தகைய நிரல் அணுக இயலாது.

மூன்றாம் படி இணையத்தின் வழியே மேகச் சேமிப்பில். அனைத்தையும் அங்கே ஏற்றுவது எங்களுக்குக் கட்டவில்லை. நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட்டை ஏற்ற நான்கரை நாளுக்கு மேல் ஆகும். எனவே, தேர்ந்தெடுத்த படங்களையும் கணக்குகளையும் மட்டும் ஏற்றுகிறோம். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டறிக்கையின் கெடுநாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காத்தல் வேண்டும் என்பதை வணிக அன்பர்கள் நினைவிற் கொள்க.

படி எடுப்பதோடு வேலை முடியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறன்று ஏதேனும் ஒரு திருமணத்தைத் தனித்தட்டிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கிறோம். சென்ற மாதம் ஒரு தட்டு பாதியில் நின்றுவிட்டது. மற்ற படிகள் இருந்தமையால் புதுத்தட்டு வாங்கி நிரப்பினோம். எந்தக் குடும்பமும் ஒன்றும் இழக்கவில்லை. அந்தச் சோதனையை இப்போது செய்பவன் அன்று கை தவறிய அதே பிள்ளைதான்.

அம்மாளின் ஆல்பத்தை இரவலாக வாங்கி, அதிலிருந்த படங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து மூன்று இடங்களிலும் சேர்த்திருக்கிறோம். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.