மலைக்கு ஒரு வில்லுக்கத்தி

பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றிலே குடியிருப்பவர்களுக்கு இரும்பின் நிலையாமையைப் பற்றி எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. யன்னற் கம்பி, கதவுப் பிணைச்சல், படலைக் கொளுக்கி, துவிச்சக்கர வண்டிச் சங்கிலி ஆகிய யாவும் உப்புக் காற்றுக்கு ஆண்டுதோறும் திறை செலுத்திக்கொண்டே இருக்கின்றன. என் மேசை லாச்சியிற் கிடந்த வில்லுக்கத்தியும் அவ்வாறு திறை செலுத்திய ஒன்றுதான். ஆயினும் அது துருப்பிடித்ததற்குக் காற்று மாத்திரம் காரணமன்று.

சென்ற ஆண்டு பரீட்சைகள் முடிந்தவுடன், ஹோட்டன் சமவெளிக்குச் சென்று நடக்கவேண்டுமென்று என் மகள் விரும்பினாள். துணைக்கு நானும் வருவதாக ஒப்புக்கொண்டேன். கொண்டுசெல்ல வேண்டிய பொருட்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். மழையங்கி, தண்ணீர்ப் போத்தல், காயக்கட்டுத் துணி என்று நீண்ட நிரலின் ஈற்றிலே ‘பல்பயன் கருவி ஒன்று’ என்றிருந்தது. “அப்பா, எதை வாங்கிறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்” என்றாள். அரை மணி நேரத்தில் முடியக்கூடிய அக்காரியத்தை முடிப்பதற்கு எனக்கு மூன்று வாரம் சென்றது.

வில்லுக்கத்தி என்பது யாழ்ப்பாணத்தில் மடக்குக் கத்திக்கு வழங்கும் பெயர். பிடியினுள்ளே இருக்கும் வில்தான் அலகை விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் நிறுத்துகின்றது. ஐயா அதனை எந்நேரமும் மடியிற் செருகி வைத்திருப்பார். மாங்காய் அரிவதும், பென்சில் சீவுவதும், பனையோலை வார்வதும், கயிறு அறுப்பதும் அதனாலேயே நிகழ்ந்தன. அவருக்கு முந்திய தலைமுறையினர் முள்வாங்கியையும் காதுக்குறும்பி எடுக்கும் சிறு கரண்டியையும் ஒரே வளையத்திற் கோத்து இடுப்பிலே தொங்கவிட்டிருந்தனர். பல கருவிகளை ஒன்றாகப் பிணைத்து உடன் கொண்டுசெல்லும் வழக்கம் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று என்பதை இதனால் அறியலாம். நான் படிப்பதற்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று, ஐயா அந்த வில்லுக்கத்தியை என் பையிலே வைத்துவிட்டார்.

1996ஆம் ஆண்டு சனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகியது. பலர் மாண்டனர், நகரம் அச்சத்தில் உறைந்தது. அவ்வச்சத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதன் சுமையிற் பெரும்பங்கைத் தமிழ்ப் பெயர் தாங்கிய அடையாள அட்டைகளே சுமக்க நேர்ந்தது. அதன் பின்னர் ஒருநாள் மாலை, சோதனைச்சாவடியொன்றில் என் பையைத் திறந்து பார்த்தார்கள். புத்தகங்களுக்கு அடியில் வில்லுக்கத்தி இருந்தது. அது எதற்கென்று கேட்டார்கள். “மாங்காய் வெட்ட” என்றேன். உண்மையான அவ்விடை அந்த இடத்தில் எத்துணை நகைப்புக்கிடமாக ஒலித்தது என்பது இன்றும் என் காதில் நிற்கின்றது. நான்கு மணி நேரம் ஒரு வாங்கில் இருத்தப்பட்டேன். ஈற்றில், வயதிலே மூத்த ஒருவர் கத்தியை என்னிடம் திருப்பித் தந்து, “தம்பி, இதை வீட்டிலேயே வைத்துக்கொள்” என்று சிங்களத்திற் சொன்னார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை; என்மீது இரங்கியே சொன்னார். அன்றிரவு லாச்சியில் வைத்த கத்தியைப் போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரும் நான் வெளியே எடுக்கவில்லை. மகள் கேட்ட பின்னரே எடுத்துப் பார்த்தேன். அலகு பிடியோடு பிடியாக இறுகிக் கிடந்தது. முன்னொரு காலத்தில் நான் இட்ட தேங்காயெண்ணெய் பிசினாகித் துருவோடு கலந்திருந்தது.

எனவே புதிதாக ஒன்று வாங்குவதே வழி. கடைகளிலே காணப்படும் கருவிகளை இரு குலங்களாக வகுக்கலாம். ஒன்று சுவிற்சர்லாந்துக் குலம். 1884ஆம் ஆண்டு இபாக் என்னும் ஊரிலே காள் எல்செனர் என்பவர் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891இல் தம் நாட்டுப் படைக்குக் கத்திகள் வழங்கினார். 1897இல் அலுவலர் கத்திக்கு உரிமை பதிந்தார். தம் தாயாரின் பெயரான விக்ரோறியாவையும், துருவேறா உருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்ற சொல்லையும் இணைத்தே பின்னர் விக்ரோறினொக்ஸ் என்ற பெயர் உருவாயிற்று. மற்றையது அமெரிக்கக் குலம். 1975இல் பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றிய ரிம் லெதர்மன் என்ற இளைஞர், தம்மிடமிருந்த பேனாக்கத்தியுடன் ஒரு குறடும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்குமென எண்ணினார். அவ்வெண்ணம் 1983இலேயே விற்பனைப் பொருளாயிற்று. முதற்குலத்துக்கு அலகு உயிர். இரண்டாம் குலத்துக்குக் குறடு உயிர்.

முதலில் என் மனம் குறட்டையே நாடியது. கையில் எடுத்தபோது அதன் பாரம் ஒரு தைரியத்தைத் தந்தது. அலகை விரித்ததும் பூட்டு விழுந்த ஓசையும் பிடித்திருந்தது. ஆனால் ஒருநாள் நடைக்கு அது வேண்டுமா? அத்தகைய பெருங்கருவிகளுட் சில ஏறத்தாழ 240 கிராம் நிறையுள்ளவை. கத்தரிக்கோலும் சாவணமும் கொண்ட நடுத்தரச் சுவிஸ் கத்தியின் நிறை 80 கிராம் அளவே. சைக்கிளில் நெடுந்தூரம் செல்பவர்க்கும், அடுப்பு மூட்டிக் கூடாரத்தில் தங்குபவர்க்கும் குறடு கைகொடுக்கும். நாமோ விடியலில் நுழைந்து நண்பகலில் வெளியேறுபவர்கள். மேலும், ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கு ஒரு கிளையைத்தானும் வெட்டலாகாது. வெட்டக்கூடாத காட்டுக்குள் வெட்டுவதற்கென்று பெரிய அலகைச் சுமந்து செல்வதிற் பொருளில்லை.

மகளை அருகில் இருத்தி, நடைவழியில் நிகழக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். காயக்கட்டுத் துணியை நறுக்குதல், சப்பாத்து நாடாவை அறுத்தல், பாண் வெட்டுதல், மூக்குக்கண்ணாடியின் தளர்ந்த ஆணியை இறுக்குதல், முள் எடுத்தல். இவற்றிற் பெரும்பாலானவற்றைச் செய்வது கத்தரிக்கோலும் சாவணமுமே; இரண்டங்குல அலகு மிஞ்சியவற்றுக்குப் போதும். அட்டை கடித்தாற் சாவணம் உதவுமே என்றாள். சிங்கராஜாவிலும் நக்கிள்ஸ் மலைகளிலும் மழைக்காலத்தில் அட்டை மிகுதிதான். எனினும் அதனைச் சாவணத்தாற் பிடித்து இழுத்தல் தகாது. அதன் வாய் பதிந்த இடத்தின் ஓரமாக நகத்தை நுழைத்து வழித்துவிடுவதே முறை.

பூட்டு வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பூட்டில்லாத அலகைக் குத்துவதற்குப் பயன்படுத்தினால் அது விரல்மேல் மடியலாம். அரிவதற்கு மட்டும் பயன்படுத்துபவர்க்கு வில்லே போதும். இலண்டனிலுள்ள என் தமக்கையாரோடு பேசியபோது, அங்கு மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் கூறாமலே பொது இடத்திற் கொண்டுசெல்லச் சட்டம் இடந்தருகின்றது என்றும், பூட்டுள்ளதற்குத் தக்க காரணம் வேண்டும் என்றும் சொன்னார். ஒரு சிறு பூட்டு, பயன்பாட்டுப் பொருளை ஐயத்துக்குரிய பொருளாக்கி விடுகின்றது. எனக்கு அது புதிய பாடமன்று.

உருக்கைப் பற்றியும் ஒரு சொல். துருவேறா உருக்கு என்பது துருவே ஏறாத உருக்கன்று. அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கின்றது. கடலுப்பு அப்படலத்தையும் அரிக்க வல்லது. ஆதலால் கடலோரவாசிகள் கருவியை நன்னீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, மூட்டுகளிலே தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுதல் வேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசினாகிவிடும். என் லாச்சியே அதற்குச் சான்று.

ஈற்றில் வாங்கியது சிவப்புப் பிடியுள்ள நடுத்தரச் சுவிஸ் கத்தி. போலிகள் மலிந்த காலமாதலால் ஒவ்வொரு பாகத்தையும் கடையிலேயே விரித்துப் பார்த்தோம். அலகு ஆடவில்லை, கத்தரிக்கோல் மெல்லிய தாளையும் கசக்காமல் வெட்டியது.

பூங்கா வாயிலிற் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் உள்ளங்கை வியர்த்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழிந்தும் உடல் தான் கற்றதை மறப்பதில்லை. கத்தி மேலேயே கிடந்தது. கேட்டால் என்ன சொல்வதென்று சிங்களச் சொற்களை மனத்துள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அலுவலர் தேடியது பொலித்தீனை. விசுக்கோத்தின் உறையைக் களைந்தார். தண்ணீர்ப் போத்தலின் மேலுறை இறுகி ஒட்டியிருந்தது. கத்தியைக் கண்டவர், “இதில் கத்தரிக்கோல் இருக்கிறதல்லவா?” என்று கேட்டு, மகள் எடுத்துக் கொடுக்க, உறையை நறுக்கி எறிந்து, மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். “நன்றி, தங்கச்சி” என்றார். இதில் வியப்பதற்கு எதுவுமிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கோ சிறிது தூரம் வரை பேச்சு எழவில்லை.

ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையில் நடந்து, உலக முடிவிலே மூடுபனியை மட்டும் கண்டு திரும்பினோம். திரும்பும் வழியில் ஈரப் பாறையொன்றிற் கால் இடறி, வழியோரத்து மஞ்சட்பூ முட்செடியைப் பற்றிவிட்டேன். வெள்ளையர் காலத்திற் கொண்டுவரப்பட்டு, இன்று அச்சமவெளியிற் களையாகப் பரவியிருக்கும் கோர்ஸ் என்னும் செடி அது. மகள் என்னை ஒரு கல்லில் இருத்தி, சாவணத்தை உருவி, உள்ளங்கையிலிருந்து மூன்று முட்களை எடுத்தாள். அன்று முழுவதும் கத்தியின் அலகுக்கு வேலையே ஏற்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஐயாவின் வில்லுக்கத்தியை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். நான்காம் நாள் அலகு அசைந்தது, பாதிவரை விரிந்தது. மீதியையும் விரிக்கலாமென்று மகள் சொல்கிறாள். அதனை இப்போது லாச்சியில் வைப்பதில்லை. மேசைமேலே, அவளுடைய சிவப்புக் கத்திக்கு அருகில் வைத்திருக்கிறேன்.